டோசிங் பம்ப் விடிகாலையில் மட்டும் ஆசிட்டைக் கொட்டுகிறது: பொசிஷனரா, ஐ டு பி-யா?

மூன்றாம்_ஷிஃப்ட் எழுதியது:

வணக்கம். பெருந்துறைப் பக்கம் ஒரு சாயப்பட்டறையின் ஈ.டி.பி.யில் (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியனாக இருக்கிறேன். சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. டிப்ளமோவில் நியூமேட்டிக் (காற்றழுத்தக் கருவிகள்) ஒரே ஒரு யூனிட்தான். ஃபிளாப்பர் நாசில் படம் வரைந்து மார்க் வாங்கியதோடு சரி. இப்போது அதுவே கழுத்தைப் பிடிக்கிறது.

எங்கள் அமைப்பு இதுதான். மணிக்கு 60 கன மீட்டர் சாயக் கழிவுநீர் வருகிறது, பி.எச். 10.5 வாக்கில். நியூட்ரலைசேஷன் தொட்டியில் 30 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட் விட்டு 7.2-க்குக் கொண்டுவந்து பாக்டீரியா வேலை செய்யும் பயாலஜி தொட்டிக்கு அனுப்புகிறோம். ஆசிட் விடுவது ஒரு ஹைட்ராலிக் டயாஃப்ரம் பம்ப். முழு ஸ்ட்ரோக்கில் மணிக்கு 120 லிட்டர், நிமிடத்துக்கு 96 ஸ்ட்ரோக். மோட்டார் வேகம் மாறாது. ஸ்ட்ரோக் நீளம்தான், அதாவது ஒவ்வொரு அடியின் நீளம்தான், மாறும். பி.எல்.சி. என்ற கட்டுப்பாட்டுக் கணினியிலிருந்து 4-20 மில்லி ஆம்ப், அது மின் சிக்னலைக் காற்றழுத்தமாக மாற்றும் ஐ டு பி-க்குப் போய் 3-15 பி.எஸ்.ஐ. ஆகி, பம்பின் தலையில் ஸ்ட்ரோக்கை நகர்த்தி நிறுத்தும் நியூமேட்டிக் பொசிஷனருக்குப் போகிறது. பொசிஷனருக்கு சப்ளை ஏர் 60 பி.எஸ்.ஐ. சாதாரணமாக ஸ்ட்ரோக் 30-லிருந்து 40 சதவீதத்துக்குள் ஓடும்.

முன்பு இதே பம்பில் எலெக்ட்ரிக் ஸ்ட்ரோக் மோட்டார் இருந்ததாம். ஆசிட் புகையில் எட்டு மாதத்தில் அதன் கார்டு பச்சை பூத்துச் செத்துவிட்டது. அப்புறம்தான் இந்தக் காற்றுக்கு மாறியிருக்கிறார்கள்.

பிரச்சினை அக்டோபர் நடுவில் தொடங்கியது. அதிகாலை நாலரையிலிருந்து ஏழரை வரைதான் வரும். பி.எல்.சி. அவுட்புட் 20 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. பம்பின் ஸ்ட்ரோக் முள்ளோ 68-இல் உட்கார்ந்திருக்கிறது. போன வாரம் பி.எச். 4.2 வரை போனது. இரண்டு முறை நானே ஓடிப்போய் பம்பை நிறுத்தினேன். ஒன்பது மணிக்கு மேல் எல்லாம் தானாகச் சரியாகிவிடுகிறது. மேனேஜர் வந்து பார்க்கும் பத்து மணிக்குப் பம்ப் நல்ல பிள்ளை மாதிரி ஓடுகிறது, நான்தான் பொய் சொல்பவனாக நிற்கிறேன்.

செய்து பார்த்தவை: ஐ டு பி-க்கு 12 மில்லி ஆம்ப் கொடுத்தால் சரியாக 9.0 பி.எஸ்.ஐ. வருகிறது. பொசிஷனரில் ஜீரோ, ஸ்பான் இரண்டும் இரண்டு முறை வைத்துப் பார்த்தாயிற்று. பம்பின் செக் வால்வ் (ஒரே திசையில் மட்டும் விடுவது) கழற்றிக் கழுவினேன். ஒன்றும் மாறவில்லை. புதுப் பொசிஷனர் வாங்கலாம் என்கிறார் ஒருவர், மோட்டார் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. போட்டுவிடலாம் என்கிறார் இன்னொருவர். எதைச் சொல்லி நான் கையெழுத்து வாங்குவது?

லூப்_ட்யூனர் பதில்:

நண்பரே, பி.எச். லூப் என்றாலே ஊசலாட்டம்தான். பி.எச். ஒரு எண் மாறினால் செறிவு பத்து மடங்கு மாறுகிறது. அதற்கு நேர்கோட்டு பி.ஐ.டி. (பிழையைப் பார்த்து அவுட்புட்டைத் திருத்தும் கணக்கு) போட்டால் இப்படித்தான் ஆகும். கெயினைப் (பிழைக்கு எவ்வளவு வேகமாகப் பதில் தருவது என்ற எண்) பாதியாகக் குறையுங்கள், பிழையைச் சேர்த்துக்கொண்டே போகும் இன்டெக்ரலின் நேரத்தைக் கூட்டுங்கள். அவுட்புட் எல்லையில் முட்டும்போது இன்டெக்ரல் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம், 2020-களில் இன்னும் 3-15 பி.எஸ்.ஐ. எதற்கு? வி.எஃப்.டி. போட்டு மோட்டார் வேகத்தை மாற்றுங்கள். ஸ்ட்ரோக்கைக் கையால் ஒரு இடத்தில் பூட்டிவிடலாம். பொசிஷனர், ஐ டு பி, ஏர் லைன் எல்லாத் தலைவலியும் ஒரே நாளில் போய்விடும்.

பதினைந்து_பிஎஸ்ஐ பதில்:

தம்பி, கையெழுத்து எதற்கும் இப்போது வாங்க வேண்டாம். ட்யூனிங்கையும் தொடாதே. பகலில் ஒழுங்காக ஓடும் லூப் விடிகாலையில் மட்டும் கெட்டால் குற்றவாளி பி.ஐ.டி. எண்கள் அல்ல. அந்த எண்கள் இரவு தூங்கிப் பகலில் விழிப்பதில்லை.

நான் 1984-இல் ஒரு உரத் தொழிற்சாலையில் சேர்ந்தபோது கன்ட்ரோல் ரூம் முழுக்கக் காற்றுதான். கம்ப்யூட்டர் என்பதே கிடையாது. பேனலுக்குப் பின்னால் செம்புக் குழாய்கள் சடைசடையாகப் போகும். உள்ளே நுழைந்தால் ஒரு மெல்லிய 'ஸ்ஸ்' எப்போதும் இருக்கும். அந்த ஓசை மாறினால் மூத்தவர்கள் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். எந்தக் கருவி என்று காதாலேயே சொல்வார்கள். பிறகு பத்து வருடம் அபுதாபியில். அங்கே கேஸ் கிணற்றடியில் மெத்தனால் செலுத்தும் பம்புகளுக்கும் காற்றுதான், ஏனென்றால் அங்கே ஒரு தீப்பொறி போதும். இங்கே உங்களுக்குத் தீப்பொறி பயமில்லை, ஆசிட் புகை. காரணம் வேறு, முடிவு ஒன்றுதான். உங்கள் முன்னோர் எலெக்ட்ரிக் மோட்டாரைக் கழற்றியது சரியான காரியம்.

பொசிஷனர் என்ன செய்கிறது என்று முதலில் மனதில் வரைந்துகொள். அது ஒரு தராசு. ஒரு தட்டில் சிக்னல் காற்று ஒரு சின்ன டயாஃப்ரத்தை அழுத்துகிறது. எதிர்த் தட்டில் ஸ்ட்ரோக் தண்டோடு கட்டிய ஒரு ஸ்பிரிங் இழுக்கிறது. சிக்னல் ஏறினால் தராசு சாயும். சாய்ந்ததும் பைலட் என்ற சின்ன வால்வ் திறந்து 60 பி.எஸ்.ஐ. காற்றை, தண்டைத் தள்ளும் ஆக்சுவேட்டருக்கு விடும். ஸ்ட்ரோக் நகரும், நகர நகர ஸ்பிரிங் இழுபடும், தராசு மறுபடி சமமாகும், பைலட் மூடிக்கொள்ளும். சிக்னல் இறங்கினால் இதே கதை தலைகீழாக: பைலட் இப்போது ஆக்சுவேட்டரில் இருக்கும் காற்றை வெளியே விட வேண்டும், பெரிய ஸ்பிரிங் ஸ்ட்ரோக்கைக் கீழே தள்ள வேண்டும். சிக்னலே நேராக ஏன் தள்ளக் கூடாது என்று கேட்பாய். பம்ப் ஒவ்வொரு அடிக்கும் அந்தத் தண்டை முட்டுகிறது, 15 பி.எஸ்.ஐ.க்கு அவ்வளவு தெம்பு கிடையாது.

ஆக, ஏறுவதற்கு ஒரு வழி, இறங்குவதற்கு வேறு வழி. இதை மறக்காதே.

இப்போது நீ செய்ய வேண்டிய சோதனை. முக்கியம்: விடிகாலை ஐந்து மணிக்குச் செய்ய வேண்டும். பகலில் செய்த காலிப்ரேஷன் பகலுக்குத்தான் ஆகும். கழிவுநீரை அனுப்பும் ஃபீட் பம்பை ஒரு மணி நேரம் நிறுத்த அனுமதி வாங்கு. கழிவுநீரைத் தேக்கும் ஈக்வலைசேஷன் தொட்டி அந்த அளவு தாங்கும். பம்ப் ஆசிட்டை இழுக்கும் சக்‌ஷனை மூடி, பம்பைத் தண்ணீரால் அலசி, தண்ணீர் டிரம்முக்கு மாற்று. முகக் கவசம், கையுறை இல்லாமல் அந்த ஃபிளாஞ்சைத் தொடாதே, அவசரம் என்று எவன் சொன்னாலும் சரி. ஐ டு பி-யிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு ஒரு கை ரெகுலேட்டரையும் நல்ல டெஸ்ட் கேஜையும் மாட்டு. பம்ப் ஓடட்டும். 3, 6, 9, 12, 15 என்று ஏற்று. பிறகு அதே படிகளில் இறக்கு. ஒவ்வொரு படியிலும் ஒரு நிமிடம் கழித்து ஸ்ட்ரோக் முள்ளைப் படித்துக் குறி. ஏறும் பக்கம் ஒரு வரிசை, இறங்கும் பக்கம் ஒரு வரிசை.

கடைசியாக 6 பி.எஸ்.ஐ.யில் நிற்கும்போது அங்கேயே பத்து நிமிடம் காத்திரு. அந்தப் பத்து நிமிடத்தில் முள் என்ன செய்கிறது என்பதுதான் எனக்கு வேண்டும். அசையாமல் நின்றால் உராய்வு: தண்டோ பைலட்டோ சிக்கியிருக்கிறது. மெல்ல மெல்ல இறங்கி இடத்துக்கு வந்தால் அது வேறு நோய்.

பி.எச். டிரெண்டையும் பார். ரம்பப் பல் மாதிரி ஒரு பக்கம் செங்குத்தாகவும் மறு பக்கம் சாய்வாகவும் இருக்கிறதா?

லூப்_ட்யூனர் சார், புதிதாக வாங்குவதானால் நானும் வி.எஃப்.டி. என்றுதான் சொல்லியிருக்கக் கூடும். பேனல் அறை புகைக்கு எட்டாத தூரத்தில் இருந்தால். ஆனால் வேகத்தை மிகவும் இறக்கினால் மோட்டாரின் சொந்த விசிறி அதைக் குளிர வைக்காது, தனி விசிறி வேண்டும். 96 ஸ்ட்ரோக் 10 ஆக இறங்கினால் ஆறு வினாடிக்கு ஒரு வாய் ஆசிட் விழும். பெரிய தொட்டி என்றால் பாதகமில்லை, சின்னக் குழாயில் விடுகிறவர்களுக்கு அது ஆகாது. எப்படியானாலும், நோய் தெரியாமல் டாக்டரை மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை.

நீர்வேதி பதில்:

மூன்றாம்_ஷிஃப்ட், நான் வேதியியல் பக்கம். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது வேலைக்குப் புதியவள். அதற்குப் பிறகு ஈ.டி.பி.யை விட்டு நகரவே இல்லை. மேலே சொன்ன சோதனையோடு எனக்காகவும் இரண்டு விஷயம் பாருங்கள்.

ஒன்று, பம்புக்கு ஆசிட் தரும் டே டேங்க் எங்கே இருக்கிறது? மேடை மேலா? ஆசிட் விழும் இடம் அதைவிடக் கீழே, திறந்த தொட்டியிலா? அப்படியானால் 0 சதவீத ஸ்ட்ரோக்கிலும் ஆசிட் போய்க்கொண்டிருக்கும். பம்பின் செக் வால்வ் என்பது ஒரு பந்துதான். இரண்டு மூன்று மீட்டர் திரவ உயரம் இரண்டு பந்தையும் தூக்கிவிடும். 3 பி.எஸ்.ஐ. கொடுத்து, பம்ப் ஓடும்போது சக்‌ஷனில் இருக்கும், அளவுக் கோடு போட்ட காலிப்ரேஷன் குழாயில் மட்டம் இறங்குகிறதா என்று அரை நிமிடம் பாருங்கள். எத்தனையோ இடங்களில் 'பம்ப் அதிகம் விடுகிறது' என்ற புகாருக்குப் பதில் சைஃபன்தான், உயரத்தில் இருக்கும் திரவம் தானாக இறங்கி ஓடுவது.

இரண்டு, 4.2 வரை போனதற்குக் காரணம் பம்ப் மட்டும் அல்ல. உங்கள் தண்ணீரில் சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) உண்டு. ஆசிட் விட விட கார்பனேட் பைகார்பனேட் ஆகும், 8.3-க்குக் கீழே பைகார்பனேட் தாங்கிப் பிடிக்கும். 7-க்கும் 6-க்கும் நடுவில் கொஞ்சம் கூடுதலாக விட்டாலும் பி.எச். மெதுவாகத்தான் இறங்கும், ஆபரேட்டரும் நிம்மதியாக இருப்பார். பைகார்பனேட் தீர்ந்ததும் பிடிமானம் இல்லை. ஐந்து, நாலு என்று சறுக்கிக்கொண்டே போகும். அதனால் 6.3-இல் அலாரம் வைத்தால் ஆளுக்கு நேரம் கிடைக்கும். 5.5-இல் வைத்தால் அலாரம் அடிக்கும்போது காரியம் முடிந்திருக்கும். பயாலஜியில் இருக்கும் பாக்டீரியாவுக்கு 6.5-க்குக் கீழேயே முகம் சுளிக்கும்.

மூன்றாம்_ஷிஃப்ட் பதில்:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிறு விடிகாலை ஷிஃப்ட் இன்சார்ஜைக் கெஞ்சி அனுமதி வாங்கிச் செய்தேன். வெளியே நல்ல பனி. காலையில் கைப்பிடிக் கம்பியெல்லாம் நனைந்திருந்தது.

ஏறும்போது: 6 பி.எஸ்.ஐ.க்கு 24, 9-க்கு 49, 12-க்கு 75, 15-க்கு 99.

இறங்கும்போது, ஒரு நிமிடம் கழித்து: 12-க்கு 86, 9-க்கு 71, 6-க்கு 58.

6-இல் நிறுத்திக் காத்திருந்தேன். மூன்று நிமிடத்தில் 44, ஆறு நிமிடத்தில் 33, பத்து நிமிடத்தில் 27. கடிகார முள் மாதிரி மெதுவாக வந்தது.

டிரெண்டும் ஐயா சொன்ன மாதிரியேதான். விடிகாலை முழுக்க ரம்பம்: பி.எச். சட்டென்று விழுகிறது, ஏறுவதற்கு அரை மணி நேரம் ஆகிறது.

மேடம், டே டேங்க் மேடை மேல்தான், தரையிலிருந்து மூன்று மீட்டர். 3 பி.எஸ்.ஐ.யில், முள் 0-க்கு வந்த பிறகு பார்த்தேன்: அரை நிமிடத்தில் 35 மில்லி இறங்கியது. கணக்குப் போட்டால் மணிக்கு 4.2 லிட்டர். நான் இதுவரை இதைக் கவனித்ததே இல்லை.

பதினைந்து_பிஎஸ்ஐ பதில்:

தம்பி, இவ்வளவு சுத்தமாக எண் குறித்து அனுப்பும் ஆள் உன் வயதில் எனக்கு யாரும் கிடைத்ததில்லை. உன் எண்களே பேசுகின்றன.

ஏறும் வரிசை பார்: 24, 49, 75, 99. தங்கம். ஆகவே தராசு சரி, ஸ்பிரிங் சரி, சப்ளை அழுத்தம் சரி, ஜீரோ ஸ்பான் சரி. ஐ டு பி கழன்றே கிடந்தது, அதன் மேல் பழி இல்லை. புதுப் பொசிஷனருக்கு ஆர்டர் போட்டிருந்தால் காசு காற்றில்.

இறங்கும்போது பின்தங்குகிறது, ஆனால் நிற்கவில்லை, வந்து சேருகிறது. உராய்வு என்றால் 58-லேயே உட்கார்ந்திருக்கும். நீ தண்டைத் தட்டினால் குதித்து இறங்கும். இது அப்படி இல்லை. ஆக்சுவேட்டருக்குள் இருக்கும் காற்றுக்கு வெளியே போக வழி இல்லாமல் ஊசித் துளையில் கசிகிறது. பொசிஷனரின் எக்ஸாஸ்ட் துளையைப் போய்ப் பார். அங்கே ஒரு சின்ன வெண்கல மஃப்ளர் இருக்கும், சுட்ட பொடியால் ஆன தொப்பி மாதிரி. சத்தம் குறைக்கவும் தூசி புகாமல் இருக்கவும் வைப்பார்கள். ஆசிட் புகையில் அது பச்சை பூத்திருக்கும் என்று இங்கே உட்கார்ந்தே சொல்கிறேன்.

ஏன் விடிகாலை மட்டும்? அந்தப் பச்சை உப்பு ஈரத்தை உறிஞ்சும். பகலில் காய்ந்தால் பொருக்காகி இடுக்கு வழியே காற்று போகும். இரவில் ஊறினால் களிம்பு. ஈரம் வெளியே இருந்து மட்டும் வரவில்லை என்பது என் சந்தேகம். உள்ளே வரும் காற்றிலேயே தண்ணீர் இருக்க வேண்டும். ஃபில்டர் ரெகுலேட்டர் அடியில் இருக்கும் ட்ரெயினைத் திறந்து ஒரு வெள்ளைத் துணியில் ஊது. துணி நனைந்தால் கம்ப்ரெசர் அறைக்கு நட. கருவிகளுக்கான காற்றுக்கு ஐ.எஸ்.ஏ. 7.0.01 என்று ஒரு தரம் உண்டு. லைன் அழுத்தத்தில் காற்றின் பனிநிலை (ஈரம் தண்ணீராக மாறத் தொடங்கும் வெப்பநிலை) அந்த இடத்தின் மிகக் குறைந்த வெப்பநிலையைவிட 10 டிகிரி செல்சியஸாவது கீழே இருக்க வேண்டும், துகள் 40 மைக்ரானுக்கு மேல் கூடாது, எண்ணெய் 1 பி.பி.எம்.-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. காற்றின் ஈரத்தை எடுக்கும் உங்கள் ட்ரையர் ஒழுங்காக ஓடினால் நம் ஊர்க் குளிருக்கு இது பெரிய விஷயமே இல்லை. ஓடுகிறதா என்பதுதான் கேள்வி.

இப்போது ரம்பப் பல். பி.எல்.சி. ஆசிட்டைக் குறை என்கிறது. ஸ்ட்ரோக் கேட்கவில்லை. பி.எல்.சி. இன்னும் குறை, இன்னும் குறை என்று அடிவரை போய்விடுகிறது. அரை மணி கழித்து ஸ்ட்ரோக் கீழே வந்து சேரும்போது ஆசிட் ஏறக்குறைய இல்லை. பி.எச். ஏறுகிறது. பி.எல்.சி. கூட்டு என்கிறது. ஏறும் வழிதான் சுத்தமாக இருக்கிறதே, ஸ்ட்ரோக் ஒரே பாய்ச்சல். மறுபடி வழுக்கல். லூப்_ட்யூனர் சொன்ன மாதிரி கெயினைக் குறைத்திருந்தால் ரம்பத்தின் பல் கொஞ்சம் மழுங்கியிருக்கும், நோய் உள்ளேயே இருந்திருக்கும். ஒரு நாள் மஃப்ளர் முழுதாக அடைத்து, ஸ்ட்ரோக் 90-இல் நின்றிருக்கும். இன்டெக்ரல் பற்றி அவர் சொன்னது மட்டும் நியாயம், அதைச் செய்.

ஒரு எச்சரிக்கை. மஃப்ளரோடு நிறுத்திக்கொள்ளாமல் பொசிஷனருக்குள் இருக்கும் ஊசித் துளையான நாசிலையும் சுத்தம் செய்யலாம் என்று ஊசியோ சட்டைப் பின்னோ விடாதே. உரத் தொழிற்சாலையில் ஒரு புதுப் பையன் அப்படித்தான் செய்தான். துளை முடி அளவு பெரிதானது, அதன் பிறகு அந்தக் கருவி எந்த ஜீரோவுக்கும் கட்டுப்படவில்லை. கூடவே வந்த கம்பி இருந்தால் அதை மட்டும் விடு, இல்லையென்றால் சுத்தமான காற்றால் ஊது.

நீர்வேதி அம்மா சொன்ன சைஃபனுக்கு என் ஓட்டு. பம்பின் டிஸ்சார்ஜில், அதாவது வெளிவிடும் பக்கம், குறிப்பிட்ட அழுத்தம் வந்தால்தான் திறக்கும் ஒரு பேக் பிரஷர் வால்வ் இல்லாமல் மேடை டேங்கை வைத்தது யார் என்று கேட்கத் தோன்றுகிறது, கேட்டு என்ன ஆகப்போகிறது. 1.5 பார் வைத்தால் போதும். ஆசிட் விழும் இடத்துக்குப் பக்கத்தில் போடு, பம்புக்குப் பக்கத்தில் அல்ல. போட்ட பிறகு காலிப்ரேஷன் குழாயில் மறுபடி அளந்து புது வரைகோடு எடு. பழைய கோடு செல்லாது. அந்தக் கோடு 0-வில் தொடங்காமல் கொஞ்சம் தள்ளித் தொடங்கினால் பதறாதே. இந்த வகைப் பம்புகளுக்கான ஏ.பி.ஐ. 675 தரமே 10-க்கு 1 வரைதான், அதாவது முழு அளவிலிருந்து அதன் பத்தில் ஒரு பங்கு வரைதான், துல்லியத்துக்கு உறுதி கேட்கிறது. 10 சதவீதத்துக்குக் கீழே எந்தப் பம்பையும் நம்பி லூப் ஓட்டக் கூடாது.

லூப்_ட்யூனர் பதில்:

ஐயா, அந்த ஏறும் இறங்கும் வரிசையைப் பார்த்த பிறகு என் பதிலைத் திரும்பப் பெறுகிறேன். வி.எஃப்.டி. பேச்சை மட்டும் விட மாட்டேன்.

மூன்றாம்_ஷிஃப்ட் பதில்:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

மஃப்ளர் அங்கேயே இருந்தது. கைவிரலால் திருகவே உடைந்து வந்தது. உள்ளே பச்சையும் துரு நிறமும் கலந்த பசை, பல்பொடியைத் தண்ணீரில் குழைத்த மாதிரி. வெளியே வாயை வைத்து ஊதினால் காற்று போகவே இல்லை.

ட்ரெயினைத் திறந்தேன். துணியெல்லாம் எதற்கு, டீ கிளாஸ் பாதி அளவுக்குத் தண்ணீரே வந்தது, துரு நிறத்தில். கம்ப்ரெசர் அறைக்குப் போனால் ட்ரையர் ஓடுகிறது, பச்சை விளக்கு எரிகிறது. ட்ரையரைச் சுற்றிக் காற்றை விடும் பைபாஸ் வால்வ் கால் திருகு திறந்து கிடக்கிறது. செப்டம்பர் கடைசியில் சர்வீஸ் செய்தபோது திறந்தது, யாரும் முழுதாக மூடவில்லை. முக்கியக் காற்றுக் குழாயான ஹெடரின் தாழ்வான இடத்தில் இருக்கும் ட்ரெயின் வால்வ் துருப்பிடித்துத் திறக்கவே முடியாத நிலையில். ஏர் லைன் கம்ப்ரெசர் அறையிலிருந்து எங்களுக்கு வருவது திறந்த வெளியில் பைப் ரேக் மேலே. இரவில் குளிர்ந்து, தண்ணீர் வடிந்து, நேராக என் பொசிஷனருக்கு.

பைபாஸை மூடிப் பூட்டுப் போட்டோம். ட்ரெயினை மாற்றினோம். எக்ஸாஸ்டில் புது வெண்கலம் வைக்காமல், பொசிஷனரின் துளைக்குச் சம அளவு நைலான் குழாயை எடுத்து, அரை அடிக்குக் கீழ் நோக்கி வளைத்து விட்டிருக்கிறேன். வாயில் எஸ்.எஸ். வலை. சரியா ஐயா?

இன்டெக்ரல் தடுப்பும் பி.எல்.சி.யில் போட்டாயிற்று. அலாரம் 6.3, 5.8-க்குப் போனால் பம்ப் தானாக நிற்கும்.

நேற்று விடிகாலை ஐந்து மணிக்கு எடுத்த வரிசை: ஏறும்போது 25, 50, 75, 99. இறங்கும்போது 76, 51, 26. பி.எச். இரவு முழுக்க 7.0-க்கும் 7.4-க்கும் நடுவில். பேக் பிரஷர் வால்வ் ஆர்டர் போயிருக்கிறது, வர மூன்று வாரமாம். அதுவரை ஃபீட் பம்ப் நின்றால் ஆசிட் சக்‌ஷனைக் கையால் மூடச் சொல்லி மூன்று ஷிஃப்டுக்கும் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

பதினைந்து_பிஎஸ்ஐ பதில்:

குழாய் சரி. ஆனால் வலையை மாதம் ஒருமுறை பார். குளவி கூடு கட்டும். அபுதாபியில் எங்களுக்கு நடந்திருக்கிறது.

இன்னும் ஒன்று மட்டும் பாக்கி. ஒரு பகலில், தண்ணீர் டிரம்மில் பம்ப் ஓடும்போது, சப்ளை ஏரை வேண்டுமென்றே மூடிப் பார். ஸ்ட்ரோக் 0-க்கு வர வேண்டும். சில ஆக்சுவேட்டரை எதிர்ப்பக்கமாகவும் மாட்டுவார்கள். காற்று போனால் 100-க்குப் போய் நிற்கும். குளிர்நீருக்கு அது நல்லது, ஆசிட்டுக்கு ஆகாது. சிக்னல் குழாயையும் தனியாகக் கழற்றிப் பார். 3 என்றால் 0 சதவீதம், 0 என்றால் குழாய் அறுந்தது என்று பொருள். அப்போதும் ஸ்ட்ரோக் கீழேதான் இருக்க வேண்டும்.

மூன்றாம்_ஷிஃப்ட் பதில்:

இரண்டும் இன்று மத்தியானம் செய்தேன். சப்ளையை மூடினால் நான்கு வினாடியில் 0. சிக்னலைக் கழற்றினாலும் 0.

உடைந்த மஃப்ளரை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மேனேஜர் மேஜையில் வைத்தேன். எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுவா?" என்றார். "இதுதான் சார்" என்றேன். புதுப் பொசிஷனர் கொட்டேஷனை மடித்து டிராயரில் வைத்துவிட்டார்.